அமெரிக்க டிரக் கம்பெனிகளின் பதிவும் பாதுகாப்புக் கணக்கும்: எந்த வரியை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்க நெடுஞ்சாலையில் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பெரிய டிரக்கின் இரு பக்கத்திலும் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். அதோடு யுஎஸ் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். பகல் வெளிச்சத்தில் 50 அடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் கூட்டாட்சி அரசின் 'சேஃபர்' தளத்தில் போட்டால், காசு கட்டாமல் அந்தக் கம்பெனியின் ஜாதகமே ஒரு பக்கத்தில் வந்து நிற்கும். எத்தனை டிரக், எத்தனை டிரைவர், கடந்த 24 மாதத்தில் சாலையில் எத்தனை முறை நிறுத்திச் சோதித்தார்கள், அதில் எத்தனை முறை "இந்த வண்டி இங்கிருந்து நகரக் கூடாது" என்று சொன்னார்கள், எத்தனை விபத்து, அதில் எத்தனை உயிர்ப்பலி கொண்டவை என்று எல்லாம் இருக்கும்.

இவ்வளவு திறந்து வைத்திருக்கும் தகவலைப் பலரும் படிக்கும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. மேலே 'ஆக்டிவ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் சரி என்று பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்தக் கம்பெனி பாதுகாப்பானது என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. பக்கம் முழுவதும் ஒரே கை எழுதியதும் இல்லை. சில வரிகளைக் கம்பெனியே எழுதித் தந்திருக்கிறது. சில, இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பியவை. சில, எடை நிலையத்தில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர் எழுதியவை. அரசின் விசாரணை அதிகாரி கணக்கு வழக்கைப் புரட்டிப் பார்த்து எழுதியது மிகக் குறைவு. எந்த வரியை யார் எழுதினார் என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

டிஓடி எண், எம்சி எண்

முதலில் இந்த இரண்டு எண்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயை ஒழுங்குபடுத்த 1887-ல் தொடங்கிய மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கீழ் டிரக் தொழில் வந்தது 1935 சட்டத்தால். வாடகைக்குச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எம்சி (மோட்டார் கேரியர்) எண் அந்த அனுமதியின் வழிவந்தது. 1980 சட்டம் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் தொழிலுக்குள் வரலாம் என்ற நிலை வந்தது. ஆணையமே 1995 முடிவோடு மூடப்பட்டது. இப்போது இந்த வேலையைப் பார்ப்பது 2000 ஜனவரி 1 முதல் இயங்கும் கூட்டாட்சி மோட்டார் சரக்குப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். தொழிலில் இருப்பவர்கள் எஃப்எம்சிஎஸ்ஏ என்று சொல்வது இதைத்தான்.

டிஓடி எண் வெறும் அடையாளம். 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடைத்தகுதி உள்ள வண்டியை மாநில எல்லை தாண்டி வணிகத்துக்கு ஓட்டுகிறவர்கள் அதை எடுத்தாக வேண்டும். எம்சி எண் அனுமதி. தன் தொழிற்சாலைச் சரக்கைத் தன் வண்டியிலேயே கொண்டுபோகும் கம்பெனிக்கு டிஓடி எண் போதும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் அனுமதியும் வேண்டும். பதப்படுத்தாத விளைபொருள் போன்ற சில சரக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் ஒரு கம்பெனியின் டிஓடி எண் 'ஆக்டிவ்' என்று காட்டிக்கொண்டே, கீழே வாடகைக்கு ஓட்டும் அனுமதி 'இல்லை' என்று காட்டலாம். இரண்டு வரியும் உண்மை. உங்கள் சரக்கை ஏற்ற முடியுமா என்பதற்குப் பதில் இரண்டாவது வரியில் இருக்கிறது. எம்சி எண்ணை விட்டுவிட்டு டிஓடி எண் ஒன்றையே வைத்துக்கொள்ளும் திட்டத்தையும் நிர்வாகம் அறிவித்திருக்கிறது. எனவே யாரிடம் பேசினாலும் டிஓடி எண்ணைக் கேட்டுப் பழகுவது நல்லது.

அதே பக்கத்தில் இது தானே வண்டி ஓட்டும் கேரியரா, இடைத்தரகரான புரோக்கரா என்றும் இருக்கும். புரோக்கரிடம் டிரக் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் வேலை வண்டி பிடித்துக் கொடுப்பது. அவரிடம் 75,000 டாலர் பிணைத்தொகை இருக்க வேண்டும் என்பது 2013 முதல் நடைமுறை. "எங்க வண்டி வரும்" என்று போனில் பேசுகிறவர் பதிவேட்டில் வெறும் புரோக்கராக இருந்தால், நீங்கள் சோதிக்க வேண்டிய கம்பெனி இன்னொன்று. அதன் பெயரை வாங்காமல் மேலே போகக் கூடாது.

கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது

முகவரி, டிரக் எண்ணிக்கை, டிரைவர் எண்ணிக்கை, ஆண்டுக்கு ஓடிய மைல், எந்தெந்தச் சரக்கு ஏற்றுவார்கள் என்பதெல்லாம் எம்சிஎஸ்-150 என்ற படிவத்தில் கம்பெனியே நிரப்பித் தருவது. அதை வாங்கும்போது யாரும் வந்து வண்டியை எண்ணிப் பார்ப்பதில்லை. சும்மா இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். எந்த மாதம், எந்த ஆண்டு என்பது டிஓடி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி இலக்கம் மாதம்: 1 என்றால் ஜனவரி, 2 பிப்ரவரி, அப்படியே போய் 9 செப்டம்பர், 0 அக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படை ஆண்டு, இரட்டைப்படை என்றால் இரட்டைப்படை ஆண்டு. 57 என்று முடியும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூலைக்குள் படிவம் போயிருக்க வேண்டும். பக்கத்தில் படிவத் தேதி 2021 என்று நிற்கிறது என்றால் 2023 தவணை தவறிவிட்டது. நாளுக்கு 1,000 டாலர் வரை, மொத்தம் 10,000 டாலர் வரை அபராதம் போடலாம், எண்ணையே முடக்கலாம். கட்டணமே இல்லாத ஒரு படிவத்தைக்கூடக் காலத்தில் கொடுக்காத அலுவலகம், பிரேக் பராமரிப்புக் கணக்கை எப்படி வைத்திருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

மைல் கணக்கைச் சரிபார்ப்பதும் எளிது. நெடுந்தூரம் ஓடும் டிரக் ஒன்று, ஒரே டிரைவரோடு, ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் மைல் ஓடும். 4 டிரக் வைத்திருக்கும் கம்பெனி 12 லட்சம் மைல் என்று எழுதியிருந்தால் வண்டிக்கு 3 லட்சம் வருகிறது. அது நடக்காது. டிரக் எண்ணிக்கையைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். மைலைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதற்கும் காரணம் உண்டு, அதிக மைல் காட்டினால் வேக மீறலும் விபத்தும் கணக்கில் நீர்த்துப்போகும். டிரைவர் எண்ணிக்கை டிரக் எண்ணிக்கையைவிட மிகக் குறைவாக இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் வரியில் தேதிதான் முக்கியம்

பொதுச் சரக்கு ஏற்றும் பெரிய டிரக்குக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். எண்ணெய் போன்றவற்றுக்கு 10 லட்சம் டாலர், மிக அபாயமான சரக்குக்கு 50 லட்சம் டாலர். 7,50,000 என்பது 1980 சட்டத்தைத் தொடர்ந்து வந்த தொகை. அதற்கப்புறம் மருத்துவமனைச் செலவு எங்கேயோ போய்விட்டது, இந்தத் தொகை அங்கேயே நிற்கிறது. பலர் படுகாயமடையும் ஒரு விபத்துக்கு இது போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் காப்பீட்டுத் தாக்கலை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நிர்வாகத்துக்கு நேரடியாக அனுப்புகிறது. அதனால் கேரியர் மின்னஞ்சலில் அனுப்பும் சான்றிதழைவிட இந்த வரி நம்பத் தகுந்தது. பாலிசியை ரத்து செய்ய வேண்டுமானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த ரத்துத் தேதி உரிமமும் காப்பீடும் காட்டும் பக்கத்தில் முன்கூட்டியே தெரியும். இன்று எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் 12 நாளில் காப்பீடு முடிகிறது என்பதையும் அதே பக்கம் சொல்லும். பணம் கட்ட முடியாமல் திணறும் கம்பெனியை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வரிதான். அனுமதியின் வரலாற்றையும் திறந்து பாருங்கள். கொடுத்தது, ரத்தானது, மீண்டும் கொடுத்தது, மீண்டும் ரத்தானது என்று நாலைந்து முறை ஏறி இறங்கியிருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்னது சாலையில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. உங்கள் சரக்கு நனைந்தாலோ தொலைந்தாலோ கொடுக்கும் காப்பீட்டைத் தாக்கல் செய்யும் கட்டாயம் வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனிகளுக்கு மட்டும்தான். அதுவும் சிறிய தொகைக்கு. மற்ற கேரியர்களின் சரக்குக் காப்பீட்டை இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் நேராகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

மூன்றே சொற்களில் ஒரு ரேட்டிங்

அரசு கொடுக்கும் பாதுகாப்பு ரேட்டிங்கில் மூன்று படிகள்தான்: 'சாட்டிஸ்ஃபேக்டரி', 'கண்டிஷனல்', 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி'. கடைசி ரேட்டிங் வாங்கிய சரக்குக் கம்பெனி 60 நாளுக்குள் குறையைத் திருத்தாவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது. பயணிகளையோ அபாயச் சரக்கையோ ஏற்றுகிறவர்களுக்கு 45 நாள். நடுவில் இருக்கும் 'கண்டிஷனல்' கம்பெனி ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

அதிகாரி விசாரணை நடத்திய பிறகுதான் இந்த ரேட்டிங் வரும். நாட்டில் இருக்கும் கம்பெனிகளின் எண்ணிக்கைக்கு அதிகாரிகள் போதாது. ஆகவே மிகப் பெரும்பான்மைக் கம்பெனிகளுக்கு ரேட்டிங்கே கிடையாது. 'ரேட்டிங் இல்லை' என்றால் மோசம் என்று பொருள் இல்லை. நல்லது என்றும் பொருள் இல்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ரேட்டிங் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். அடுத்த விசாரணை வரும்வரை பழைய ரேட்டிங்கே நிற்கும். பதினைந்து ஆண்டுக்கு முன் வாங்கிய 'சாட்டிஸ்ஃபேக்டரி' அன்றைய முதலாளியையும் அன்றைய வண்டிகளையும் பற்றியது.

புதிதாகத் தொடங்கும் கம்பெனி முதல் 18 மாதம் கண்காணிப்பில் இருக்கும். சரக்குக் கம்பெனிக்கு 12 மாதத்துக்குள் ஒரு பாதுகாப்புத் தணிக்கை நடக்க வேண்டும். அதில் தேறுவது ரேட்டிங் வாங்குவது ஆகாது. "நாங்கள் அரசுத் தணிக்கையில் தேறியவர்கள்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் எழுதியது

என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டியது சாலையோரச் சோதனைக் கணக்கு. கம்பெனி சொல்லாததை, மறைக்க நினைத்ததை, மூன்றாவது ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியது இது ஒன்றுதான்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் பொதுவான சோதனை முறையை வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டணி வகுத்திருக்கிறது. முதல் நிலைச் சோதனையில் 37 படிகள்: டிரைவரின் உரிமம், மருத்துவச் சான்று, ஓட்டிய நேரத்தின் லாக், அப்புறம் டயர், ஸ்டியரிங், விளக்கு, சரக்கைக் கட்டியிருக்கும் விதம், அடியில் போய் பிரேக். இரண்டாம் நிலையில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதோடு சரி. மூன்றாம் நிலையில் டிரைவரும் காகிதமும் மட்டும். உடனே ஆபத்து என்று கருதும் குறை இருந்தால் 'அவுட் ஆஃப் சர்வீஸ்'; சரி செய்யும்வரை வண்டி அங்கேயே நிற்க வேண்டும். பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அச்சு கொண்ட வழக்கமான டிராக்டர்-டிரைலரில் 10 பிரேக் இருக்கும். அதில் 20 சதவீதம், அதாவது இரண்டு குறையுள்ளதாக இருந்தால் போதும், வண்டி நின்றுவிடும். டிரைவருக்கும் அப்படித்தான். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான டிரக்குகளில் இதை மின்னணுக் கருவி பதிகிறது. வரம்பு மீறியிருந்தால் டிரைவர் அங்கேயே படுத்து ஓய்வெடுக்க வேண்டியதுதான்.

சேஃபர் பக்கத்தில் கம்பெனியின் 'அவுட் ஆஃப் சர்வீஸ்' சதவீதமும் பக்கத்திலேயே தேசிய சராசரியும் இருக்கும். வண்டிக்கான சராசரி 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். டிரைவருக்கானது 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாலையில் ஓடும் வண்டிகளில் ஐந்தில் ஒன்று பிரேக் போனது என்று இதைப் படித்துவிடக் கூடாது. எந்த வண்டியை நிறுத்துவது என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு மென்பொருள் யோசனை சொல்கிறது. பழைய கணக்கு மோசமாக இருக்கும் கம்பெனிகளையே அது முன்னால் தள்ளும். அனுபவமுள்ள இன்ஸ்பெக்டரின் கண்ணுக்கும் தேய்ந்த டயர் தூரத்திலேயே படும். சந்தேகப்பட்டு நிறுத்தியவற்றின் சராசரி அது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நல்ல கம்பெனி என்று சொல்ல, அதற்குச் சற்றுக் கீழே இருப்பது போதாது.

சின்னக் கம்பெனிகளிடம் சதவீதம் ஏமாற்றும். ஒரு கம்பெனியை 3 முறை சோதித்து ஒரு முறை நிறுத்தியிருந்தால் 33 சதவீதம். இன்னொன்றை 300 முறை சோதித்து 75 முறை நிறுத்தியிருந்தால் 25 சதவீதம். முதலாவதைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. இரண்டாவதைப் பற்றி நன்றாகவே தெரியும், தெரிந்தது நல்லதும் இல்லை. ஆகவே சதவீதத்துக்கு முன் சோதனை எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

இதோடு நிறுத்தாமல், நிர்வாகத்தின் பாதுகாப்பு அளவீட்டுத் தளத்தில் அதே டிஓடி எண்ணைப் போட்டு ஒவ்வொரு சோதனையையும் திறந்து பாருங்கள். தேதி, மாநிலம், என்ன மீறல் என்று வரிசையாக வரும். ஒரு பக்க விளக்கு எரியவில்லை என்பது யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் மார்ச்சில் ஒரு வண்டியில் பிரேக் தளர்வு, மே மாதம் வேறு வண்டியில் பிரேக் தளர்வு, ஆகஸ்டில் மூன்றாவது வண்டியிலும் அதே என்றால் அந்தக் கம்பெனியில் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை என்று பொருள். பொய்யான லாக் என்ற மீறல் இரண்டு மூன்று டிரைவர்களிடம் வந்திருந்தால் அது தனி டிரைவரின் பழக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. மேலிருந்து வரும் நெருக்கடி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இல்லாததும் பேசும். 20 டிரக் வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனிக்கு 24 மாதத்தில் ஒரு சோதனைகூட இல்லை என்றால், ஒன்று வண்டி ஓடவில்லை, அல்லது வேறு எண்ணில் ஓடுகிறது. தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் ஓடுகிறோம் என்று பேசுகிறவரின் சோதனைகள் எல்லாம் கலிபோர்னியாவில் நடந்திருந்தால், பேசிக்கொண்டிருப்பவர் உண்மையில் அந்தக் கம்பெனிதானா என்ற கேள்வி வர வேண்டும்.

2010 டிசம்பரில் இந்த அளவீட்டு முறை ஏழு தலைப்புகளோடு தொடங்கியபோது, பெரும்பாலான தலைப்புகளில் ஒரு கம்பெனி தன்னையொத்த மற்றவற்றோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் நிற்கிறது என்ற தரவரிசையும் எல்லோருக்கும் தெரிந்தது. சின்னக் கம்பெனிகளுக்குத் தரவு குறைவு, வரிசை நியாயமாக இல்லை என்ற எதிர்ப்பு வலுத்து, 2015 டிசம்பரில் வந்த சட்டம் சரக்குக் கம்பெனிகளின் தரவரிசையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பஸ் கம்பெனிகளுடையது அப்படியே இருக்கிறது. 2017-ல் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு, முறை அடிப்படையில் சரிதான், தரவையும் புள்ளியியலையும் மேம்படுத்த வேண்டும் என்று சொன்னது. இன்று தனியார் தளங்கள் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு மதிப்பெண்கள் அவர்களே கணக்கிட்டவை. அரசின் ரேட்டிங் என்று அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

விபத்துப் பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றைத்தான் வலியுறுத்த வேண்டும்: அதில் யார் தவறு என்பது இல்லை. உயிரிழப்பு, அங்கிருந்து சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டிய காயம், வண்டியை இழுத்துச் செல்ல நேர்வது, இந்த மூன்றில் ஒன்று நடந்தால் கணக்கில் ஏறும். சிவப்பு விளக்கில் நின்ற டிரக்கின் பின்னால் குடிபோதைக்காரர் காரை மோதினாலும் அது டிரக் கம்பெனியின் கணக்கில்தான் வரும். 2020 மே முதல் நடக்கும் ஒரு திட்டத்தில், குறிப்பிட்ட வகை விபத்துகளைத் தவிர்த்திருக்க முடியாது என்று கம்பெனி ஆவணத்தோடு முறையிட்டு முடிவு வாங்கலாம். அந்த முடிவு தளத்தில் தெரியும். ஆயிரக்கணக்கான டிரக் வைத்திருப்பவரின் விபத்து எண்ணிக்கையையும் ஐந்து டிரக் வைத்திருப்பவரின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. டிரக்குக்கு எத்தனை, மைலுக்கு எத்தனை என்று பாருங்கள்.

பெயர் மாறும் கம்பெனிகள்

இவ்வளவு பார்த்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. கணக்கு மோசமாகிவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, புதுப் பெயர், புது எண்ணோடு அதே வண்டிகளை ஓட்டலாம். பச்சோந்திக் கம்பெனி என்று இதற்குப் பெயர். 2008 ஆகஸ்ட் 8 அன்று டெக்சாஸின் ஷெர்மன் நகரில், ஹூஸ்டனிலிருந்து மிசூரிக்கு வியட்நாமியக் கத்தோலிக்க யாத்ரீகர்களை ஏற்றிச் சென்ற பஸ்ஸின் முன் டயர் வெடித்து, பாலத்துத் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். ஓட்டிய கம்பெனியின் பெயர் இகுவாலா பஸ்மெக்ஸ். அதற்கு அனுமதியே கிடைத்திருக்கவில்லை. அதே முதலாளியின் ஏஞ்சல் டூர்ஸ் என்ற கம்பெனியை அந்த ஜூன் மாதம்தான் நிர்வாகம் ஓட்டக் கூடாது என்று நிறுத்தியிருந்தது. இடையில் போனது இரண்டு மாதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு புதிய விண்ணப்பங்களைப் பழைய கம்பெனிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தொடங்கியது. 2012-ல் அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, இப்படிப்பட்ட அறிகுறிகள் உள்ள விண்ணப்பதாரர்கள் 2005-ல் 759 பேர், 2010-ல் 1,136 பேர். அறிகுறி உள்ளவர்களில் 18 சதவீதம் பேர் கடுமையான விபத்தில் சிக்கினார்கள். மற்றப் புதியவர்களில் 6 சதவீதம். மூன்று மடங்கு.

எனவே ஒரு சோதனைகூட இல்லாத, ஆறு மாதத்துக்கு முன் தொடங்கிய கம்பெனியைப் பார்க்கும்போது அந்த முகவரியையும் போன் எண்ணையும் தனியே தேடிப் பாருங்கள். அதே முகவரியில் சமீபத்தில் நிறுத்தப்பட்ட கம்பெனி இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதன் தலைகீழ் வடிவமும் உண்டு. எட்டு ஆண்டு சுத்தமான கணக்கு உள்ள நல்ல கம்பெனியின் பெயரையும் எண்ணையும் வேறு யாரோ சொல்லி லோடு வாங்குவார்கள். அதை வேறொரு வண்டிக்குக் குறைந்த கூலிக்குத் தள்ளிவிடுவார்கள், அல்லது சரக்கோடு காணாமல் போவார்கள். பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அந்தக் கணக்கு வேறு ஆளுடையது. மின்னஞ்சலில் வந்த எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு "இந்த லோடை நீங்கள்தான் எடுத்தீர்களா" என்று கேளுங்கள். பழைய கம்பெனியின் முகவரி, போன், மின்னஞ்சல் மூன்றும் போன மாதம் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் அதுவும் எச்சரிக்கை. வண்டி வந்து நிற்கும்போது அதில் எழுதியிருக்கும் பெயரும் எண்ணும் நீங்கள் சோதித்தவையா என்று பார்த்த பிறகே சாமானை ஏற்றுங்கள்.

புரோக்கர்கள் இதையெல்லாம் தேதியோடு சேமித்தும் வைக்க வேண்டும். 2004-ல் மேரிலாந்தின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், கேரியரைத் தேர்ந்தெடுப்பவர் நியாயமான கவனம் எடுக்கக் கடமைப்பட்டவர், அரசின் பாதுகாப்புத் தரவைப் பார்ப்பதும் பதிவு வைத்திருப்பதும் அதில் அடங்கும் என்று சொன்னது. எல்லா நீதிமன்றங்களும் அதே வழியில் போகவில்லை என்றாலும், விபத்துக்குப் பின் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி "ஏற்றுவதற்கு முன் பார்த்தீர்களா" என்பதாகவே இருக்கும்.

வீடு மாற்றுகிறவர்களுக்கு

மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாறுகிறவர்களுக்கு நிர்வாகம் தனியே ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது. அங்கே கம்பெனியின் பதிவோடு அதன்மேல் வந்த புகார்களின் எண்ணிக்கையும் வகையும் தெரியும்: சாமானைப் பிணையாகப் பிடித்து வைத்தது, சொன்னதற்கு மேல் பணம் கேட்டது, தாமதம், சேதம் என்று. வீட்டுச் சாமான் ஏற்றும் அனுமதி தனி வகை. பொதுச் சரக்கு அனுமதி மட்டும் உள்ள கம்பெனி உங்கள் வீட்டைக் காலி செய்து கொண்டுபோக முடியாது. ஒரே மாநிலத்துக்குள் மாறுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் உதவாது. அந்தந்த மாநிலத்தின் பதிவில் தேட வேண்டும்.

கட்டுப்படுத்தாத மதிப்பீடு, அதாவது இறுதித் தொகை மாறலாம் என்ற மதிப்பீடு, கொடுத்திருந்தால், சாமானை இறக்கும்போது மதிப்பீட்டுத் தொகையில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டு உங்கள் சாமானைப் பிடித்து வைக்க முடியாது. இதையெல்லாம் விளக்கும் அரசுக் கையேட்டை ஒப்பந்தத்துக்கு முன்பே கம்பெனி உங்களிடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதது போல் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். கூடுதல் கட்டணம் இல்லாத பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டால் உடைந்த பொருளுக்குப் பவுண்டுக்கு 60 சென்ட்தான் கிடைக்கும். 40 பவுண்டு எடையுள்ள டிவிக்கு 24 டாலர். முழு மதிப்புப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள். சேதம் நேர்ந்தால் சாமான் கைக்கு வந்த நாளிலிருந்து 9 மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும். கம்பெனி 30 நாளுக்குள் கோரிக்கை கிடைத்ததை ஒப்புக்கொள்ளவும், 120 நாளுக்குள் பணம் கொடுக்கவோ மறுக்கவோ ஒரு தொகையை முன்வைக்கவோ வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால் நிர்வாகத்தின் தேசியப் புகார்த் தளத்தில் டிஓடி எண்ணைக் குறிப்பிட்டுப் பதியுங்கள். நீங்கள் எழுதும் புகார், அடுத்து அந்தக் கம்பெனியைத் தேடுகிறவர் பார்க்கும் கணக்கில் சேரும்.